ரேடியத்துக்குப் பிறகு இன்னாசிமேரி

ஏலாக்குறிச்சி கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்று வாத்தியார்கள் இருந்தார்கள். ஆனால் ‘வாத்தியார் பொண்டாட்டி’ என்று ஊரில் யாராவது சொன்னால் அது இன்னாசிமேரியைத்தான் குறிக்கும். மற்ற இரண்டு பேருடைய பெண்டாட்டிகளும் வீட்டுக்குள் இருந்தார்கள். இவள் கொல்லையில் இருந்தாள். கம்பு விதைப்பது, கடலை பிடுங்க ஆள் கூப்பிடுவது, மாட்டுக்கு லாடம் அடிக்கக் கொண்டுபோவது, வண்டி அச்சுக்கு மசகு போடுவது எல்லாம் அவள் வேலை. அவள் புருஷன் அடைக்கலசாமி வாத்தியார் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார், மூக்குப்பொடி போடுவார், காளை தலையை ஆட்டினால் இரண்டடி தள்ளி நிற்பார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் லீலா மேரியை வரதராசன்பேட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மகள் போனபின் வீட்டில் இவர்கள் இருவர்தான். ஊருக்கு முன்னால் வாயைத் திறக்காத வாத்தியார் வீட்டுக்குள் வந்ததும் பள்ளிக்கூடத்துக் கூத்துகளை நடித்துக் காட்டுவார். அவர்களுக்கு ஒருவரையொருவர் பிடித்திருந்தது. பேச்சில் மட்டுமில்லை, படுக்கையிலும் பிடித்திருந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் அதை வெளியே சொல்கிற ஊர் அது இல்லை. அவளும் சொன்னதில்லை. ஆனால் தனக்குக் கிடைத்திருப்பது எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்த வருஷம் கடலை பிடுங்கும் சமயத்தில் அவளுக்கு இரத்தம் போக ஆரம்பித்தது. தூரம் நிற்கிற வயசு என்று இரண்டு மாசம் பொறுத்தாள். பிறகு வாடை வந்தது. திருச்சியில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்று, மதராஸ் போனால் ரேடியம் வைப்பார்கள், உடனே போங்கள் என்றாள். வாத்தியார் அவளை அரியலூரில் ரயிலேற்றிக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆண்கள் உள்ளே தங்க முடியாது என்றதால் ஊர் திரும்பினார்.

ஏழு வாரம் அங்கே கிடந்தாள். ரேடியத்தை உள்ளே வைத்துத் துணியை அடைத்து, புரளக்கூடாது என்று மணிக்கணக்கில் மல்லாந்து கிடக்கவைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் உடையார்பாளையத்து ராசாத்தி. முந்திரிக் கொல்லைக்காரி, இவளைவிட ஆறேழு வயசு இளையவள், அதே நோய். வலியில் முனகும்போதுகூட யாரையாவது கேலி செய்யாமல் இருக்கமாட்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்த்த நர்சம்மா இரண்டு பேரையும் தட்டி மறைவுக்குள் கூப்பிட்டாள். அவள் எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

“நல்லா கேட்டுக்கங்க. ரேடியம் வச்ச இடம் ஆறும்போது சுருங்கும். ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கப் பாக்கும். அப்புடியே வுட்டா வழி அடைஞ்சிடும். அப்பறம் டாக்டரம்மா பரிசோதிக்கவும் முடியாது, நீங்க புருஷன்கூட இருக்கறதும் கஷ்டம்.”

சொல்லிவிட்டு ஆளுக்கொரு குச்சி கொடுத்தாள். கெட்டி ரப்பரில் செய்தது, கட்டைவிரல் பருமன், நுனி உருண்டை. வெந்நீரில் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, வாரத்துக்கு மூன்று நாள் கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருக்க வேண்டும். இரண்டு மாசம் போனபின் புருஷனோடு இருக்கலாம். எண்ணெய் கட்டாயம், அவசரம் கூடாது, வலித்தால் நிறுத்திவிட வேண்டும். லேசாக இரத்தம் பட்டால் பயப்பட வேண்டாம், நிறையப் போனால் வந்துவிட வேண்டும்.

“வூட்டுக்காரருக்கு ஒட்டிக்காதே?” என்றாள் ராசாத்தி.

“ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது, ஒன்னாப் படுத்தாலும் ஒட்டாது. ரேடியத்த எடுத்தாச்சு, உடம்புல மிச்சம் ஒன்னும் இல்ல.”

“அப்ப என் மாமியார்தான் ஒட்டிக்கும், அத எடுக்க மருந்து இருக்கா?” என்றாள் ராசாத்தி. நர்சம்மாவும் சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வாத்தியார் எல்லாம் தயாராக வைத்திருந்தார். உள்ளறையில் அவளுக்குப் புதுக் கயிற்றுக்கட்டில். தன் பாயை முன்னறைக்குக் கொண்டுபோயிருந்தார். தண்ணீர் இறைத்தார், கஞ்சி வைத்தார், மாட்டுக்குப் பயந்துகொண்டே வைக்கோல் போட்டார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தெருவே பேசியது. ஆனால் கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையில் தரமாட்டார், கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். கட்டில் ஓரத்தில்கூட உட்காருவதில்லை. பள்ளிக்கூடத்துக் கதைகளை நிலைப்படிக்கு வெளியே நின்று சொன்னார். இரண்டு மாசம் முடிந்து, உடம்பில் தெம்பு வந்து, ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவள் தோளில் கை வைத்தாள். நெருப்பு பட்டதுபோல் எழுந்துவிட்டார்.

“கை கழுவணும்” என்று போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு இருந்தது.

வாடைதான் காரணம் என்று நினைத்தாள். இரண்டு வேளை குளித்தாள். உடுத்தின சேலையை மோந்து பார்த்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பாப்பாயியைப் பிடித்து நிறுத்தி, “எம்மேல ஏதாச்சும் நாத்தம் அடிக்குதா, பாத்துச் சொல்லு” என்றாள்.

பாப்பாயி கிட்ட வந்து நிதானமாக மோந்தாள். “அடிக்குது.”

“என்னது?”

“சாணி. எம்மேலயும் அதான் அடிக்குது. ஏன் கேக்கற?”

வாடை இல்லையென்றால் அருவருப்பு, இல்லையென்றால் பயம். அதற்கு மேல் அவளுக்கு யோசனை ஓடவில்லை. குச்சியைப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் போட்டாள். ஆரம்பத்தில் நாலைந்து தடவை எடுத்தவள் பிறகு தொடவில்லை. செத்துப்போயிருந்தால் அவர் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பார், உயிரோடு வந்து இப்படி ஆகிவிட்டதே என்று கொல்லை வரப்பில் உட்கார்ந்து அழுதாள். எழுந்து களை எடுத்தாள்.

மூன்றாம் மாசப் பரிசோதனைக்கு அரியலூரில் ரயிலேறியபோது பெண்கள் பெட்டியில் ராசாத்தி இருந்தாள். பெரிய முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் கொட்டினாள்.

“யக்கா, மெலிஞ்சிட்ட. வாத்தியாரு சோறு போடலையா?”

“சோறெல்லாம் போடறாரு” என்றாள். விழுப்புரம் வருவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

“எங்க வூட்டுலயும் இதே கூத்துதான். மாமியார்காரி எனக்குத் தனித் தட்டு வச்சிட்டா. இவரு அவ முந்தானைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்னப் பாக்கறாரு. போன மாசம் இழுத்தாந்து டாக்டரம்மா முன்னாடி நிறுத்தினேன். ஒட்டாதுன்னு அவங்க வாயால சொன்னாங்க. அன்னிக்கே என் தட்டுல கைய வச்சாரு. நீ உங்க வூட்டு ஆளக் கேட்டியா?”

“எப்புடிடி கேக்கறது?”

“வாயால கேளு. கடலைக்கு வெல கேக்கறப்ப அந்த யாவாரியையே அழவச்சிடுவன்னு பீத்திக்கிட்ட?”

ஆஸ்பத்திரியில் நர்சம்மா பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தாள். “நோய் திரும்பல. நல்ல சேதி. ஆனா உள்ள ஒட்டிக்க ஆரம்பிச்சிருக்கு. குச்சி போடறதில்லையா?”

“யாரு வராங்கன்னு வாசலக் கூட்டறது, நர்சம்மா?”

“யாரும் வராட்டியும் அது உங்க வாசல். மொதல்ல உங்களுக்காகக் கூட்டுங்க.” அப்புறம் குரலைத் தணித்தாள். “இன்னும் ஆறு மாசம் வுட்டீங்கன்னா, நீங்க ஆசப்பட்டாலும் முடியாது. ஞாபகம் வச்சிக்கங்க.”

ரயிலில் திரும்புகையில் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஆறு மாசம்.

அரியலூர் ஸ்டேஷனுக்கு வாத்தியார் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் தனியாக அவ்வளவு தூரம் மாட்டை ஓட்டி வந்ததே பெரிய காரியம். அவள் வண்டியின் முன்னால் மூக்கணையில் ஏறிக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். வெயில் ஏறியதும் மருதையாற்று மணலில் வண்டியை அவிழ்த்து மாடுகளைத் தண்ணீருக்கு விட்டாள். ஊற்று தோண்டி முகம் கழுவினாள். சுற்றிலும் ஆளில்லை. அவர் ஒரு கருவை நிழலில் போய் உட்கார்ந்தார், பத்தடி தள்ளி.

“ஏங்க, அருவருப்பா இருக்கா?”

“என்னது?”

“நான். எனக்குத் தெரிஞ்சாவணும். ஆமாம்னாலும் பரவால்ல, சொல்லிடுங்க. நான் மகவூட்டுக்குப் போயிடறேன்.”

வாத்தியார் பொடி டப்பாவை எடுத்தார், திறக்காமல் மடியில் வைத்தார். அவர் கண் கலங்குவதை அவள் பார்த்தாள்.

“மாதாகிட்ட வார்த்த குடுத்துட்டேன், மேரி.”

“என்ன வார்த்த?”

“உன்ன மதராசுல வுட்டுட்டு வந்த அன்னிக்கி நேரா கோயிலுக்குப் போனேன். அடைக்கல மாதா காலடியில முட்டி போட்டேன். இவள உசுரோட குடுத்துடு, இனிமே நாங்க சூசையப்பரும் நீயும் இருந்தாப்புல இருக்கறோம், அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கறோம்னு நேந்துக்கிட்டேன். அவ குடுத்துட்டா. நான் காப்பாத்த வேண்டாமா? கிட்ட வந்தா முடியாது. அதான் தள்ளியே இருக்கேன்.”

முதலில் அவளுக்கு உடம்பே இலேசானது. அருவருப்பு இல்லை, பயம் இல்லை. கிட்ட வந்தால் முடியாது என்கிறார். சிரிப்புகூட வரப்பார்த்தது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது, அது பெரிதாக வந்தது.

“என்னக் கேட்டீங்களா?”

“நீ ஆஸ்பத்திரியில இருந்த.”

“வந்தப்பறம் சொன்னீங்களா? இத்தன நாளா என் சேலய மோந்து பாத்துக்கிட்டு இருக்கேன். பாப்பாயிய வுட்டு மோந்து பாக்கச் சொன்னேன்! ஆட்டுக்கெடாவ நேந்து வுடறாப்புல என்ன நேந்து வுட்டுட்டு, நீங்க முன்னறையில படுத்துக்கிட்டீங்க.”

“உசுரு பெருசு இல்லையா, மேரி?”

“பெருசுதான். அது என் உசுரு. அதுக்கு என்ன குடுக்கறதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

அவள் மாடுகளைப் பூட்டி வண்டியை விரட்டினாள். ஊர் எல்லையில் வாத்தியார் மெதுவாக, “மாதாவுக்குக் குடுத்தத திருப்பி வாங்கக்கூடாது” என்றார். தன்னை மாதா திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று அவர் பயப்படுகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் அவள் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“ஸ்தோத்திரம் சாமி. ஒரு சந்தேகம். வீட்டுக்காரரு நேந்துக்கிட்ட நேர்ச்சைக்கு பொண்டாட்டி பொறுப்பா?”

“என்ன நேர்ச்சை? மொட்டையா?”

அவள் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னாள். ரேடியம், நர்சம்மா, ஆறு மாசம் எல்லாம். சாமியார் பம்பைக் கீழே வைத்தார்.

“நம்ம வாத்தியாரா? இவ்வளவு பண்ணிட்டு எங்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல மூக்குப்பொடிய மட்டும் சொல்லிட்டுப் போறாரே!” கையைத் துடைத்துக்கொண்டார். “இங்க பாரும்மா. மெய்விவாகம் ஆனப்பறம் அவரு உடம்பு உனக்கும் சேர்ந்தது, உன் உடம்பு அவருக்கும் சேர்ந்தது. ரெண்டு பேரும் சம்மதிச்சு நேந்துக்கிட்டா அது வேற. ஒருத்தரே ரெண்டு பேருக்கும் சேத்து நேந்துக்கிட்டா அது செல்லாது. மாதா அத வாங்கியே இருக்க மாட்டா. வாங்காதத எப்புடி திருப்பிக் கேப்பா?”

“இத அவருகிட்ட நீங்க சொல்லணும் சாமி. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நான் செத்துடுவேன்னு பயப்படறாரு.”

“வரச் சொல்லு. அவரு மனசு ஆறுதலுக்குப் பதிலா வேற ஏதாச்சும் நேர்ச்சை போட்டுவுடறேன். எது வுட்டா அவருக்கு வலிக்கும்?”

“பொடி” என்றாள் உடனே.

“பாவம்மா அந்த மனுஷன்” என்றார் சாமியார். ஆனாலும் வாத்தியார் வந்தபோது பொடியை விடும் நேர்ச்சையைத்தான் போட்டார்.

ஒரு வாரம் வாத்தியார் தும்மலுக்கு ஏங்கிய மூக்கோடு அலைந்தார். கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். கட்டிலில் வந்து உட்கார்ந்தார். இன்னாசிமேரி குச்சியைத் திரும்ப எடுத்தாள். கொல்லையிலிருந்து வந்து குளித்தபின், கதவைச் சாத்திக்கொண்டு, மாதா கெபியில் செபிக்கிறவள்போல ஒழுங்காகச் செய்தாள். முதலில் குத்தியது, எரிந்தது. அதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவர் காரியத்தை மறைத்தார் என்று ஆற்றுமணலில் கத்தியவள், தன் காரியத்தைத் தானும் மறைத்தாள். சுருங்கிப்போன உடம்பு என்று அவருக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தாள்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட ஒரு மத்தியானம் இருவரும் ஒன்றாகப் படுத்தார்கள். அவருக்கும் பதற்றம், அவளுக்கும் பதற்றம். எண்ணெயை எடுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வலித்தபோது பல்லைக் கடித்தாள். பிறகு கடிக்க முடியாமல் அலறிவிட்டாள். விரிப்பில் இரண்டு சொட்டு இரத்தம் இருந்தது. வாத்தியார் அதைப் பார்த்துச் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்.

“நான் சொன்னேன்ல. மாதா ஏத்துக்கல. இது வேண்டாம், மேரி. நீ இருந்தா போதும்.”

அவர் பாய் திரும்ப முன்னறைக்குப் போனது. அவள் மூன்று நாள் பொறுத்தாள். அவர் மேல் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாலாம் நாள் பெட்டியைத் திறந்து, குச்சியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இது என்னது?”

“இதையும் நான் உங்ககிட்ட மறச்சிட்டேன்” என்று ஆரம்பித்தாள். எது சுருங்கியது, ஏன் சுருங்கியது, இரண்டு சொட்டு இரத்தம் எதனால், எண்ணெய் ஏன், அவசரம் ஏன் கூடாது என்று நர்சம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். மூன்றாம் வகுப்புப் பையனுக்குச் சொல்வதுபோல வாத்தியாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத வச்சிக்கிட்டு தெனமும் வலியில இருந்தியா?”

“வாரத்துக்கு மூனு நாள். இப்ப அவ்வளவு வலிக்கல.”

“நான் பாட்டுக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். குச்சியை அவள் கையில் கொடுத்து, “அடுத்த தடவ நானும் உள்ள வரேன். நர்சம்மாகிட்ட நான் கேக்கணும்” என்றார்.

சொன்னபடி வந்தார். பெண்கள் பகுதிக்குள் ஆண் வரக்கூடாது என்று வாசலில் ஆயா தடுத்தாள். டாக்டரம்மாவிடம் கேட்டு நர்சம்மாவே வந்து அவரை உள்ளே கூப்பிட்டுப் போனாள். பெஞ்சியில் உட்கார்ந்திருந்த இருபது பெண்களும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ராசாத்தி மட்டும், “வாங்க வாத்தியாரே, பரீட்சையா?” என்றாள். அவர் காதுவரை சிவந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கேள்விகளுக்கு வரிசையாக இலக்கம் போட்டு எழுதியிருந்தார்.

“ஒன்னு. இதனால நோய் திரும்பி வருமா?”

“வராது.”

“ரெண்டு. இரத்தம் பட்டா?”

“ரெண்டு சொட்டுன்னா பொறுங்க. துணி நனையற மாதிரி போனா உடனே வாங்க.”

“மூனு. ஒருவேள அது முடியாமலே போச்சுன்னா, புருஷன் பொண்டாட்டியா இருக்க வேற வழி உண்டா?”

நர்சம்மா அவரை நன்றாகப் பார்த்தாள். “எத்தனையோ உண்டு, சார். கையி இருக்கு, வாயி இருக்கு, பக்கத்துல படுத்துக்கிட்டுப் பேசற பேச்சு இருக்கு. அது ஒன்னுதான் வழின்னு யாரு சொன்னா?”

அவர் அதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளப் போய், வேண்டாமென்று நிறுத்தினார். குரல் இறங்கிவிட்டது. “நாலு. நான் செய்யறதுல எது அவளுக்கு நோவுது, எது நோவலன்னு நான் எப்புடித் தெரிஞ்சிக்கறது?”

“இத எங்கிட்டயா கேக்கறது? அவங்க இந்தா நிக்கறாங்க. அவங்களக் கேளுங்க.”

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். இன்னாசிமேரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இவர் பக்கம் இருந்தது.

ஊருக்கு வந்து இரண்டு மாசம் ஆயிற்று. எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. சில மத்தியானங்களில் வெறும் பேச்சோடு முடிந்தது. சில நாள் அவள், “இன்னிக்கி வேண்டாம்” என்றாள், அவர் சரி என்றார், சொன்ன பிறகும் எழுந்து போகாமல் அங்கேயே படுத்திருந்தார். எண்ணெய்க் கிண்ணம் கட்டிலுக்கடியில் நிரந்தரமாக இருந்தது. குச்சியை அவள் நிறுத்தவில்லை. பிறகு ஒருநாள் வலிக்கவில்லை. இன்னொரு நாள் கொஞ்சம் வலித்தது, அவள் சொன்னாள், அவர் நிறுத்தினார். அதற்கடுத்த தடவை அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜெயங்கொண்டம் சந்தையில் ராசாத்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். கடலை மூட்டை மேல் உட்கார்ந்து நேராகவே கேட்டாள்.

“யக்கா, பழையபடி ஆயிடுச்சா?”

“பழையபடின்னு சொல்ல முடியாது.”

“ஏன், என்னாச்சு?”

இன்னாசிமேரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “முன்னல்லாம் அந்த நேரத்துல ஒரு வார்த்த பேச மாட்டாருடி. இப்ப ஒன்னொன்னுக்கும் கேள்வி. இங்க நோவுதா, அங்க நோவுதா, இது பரவாயில்லையான்னு. சில நேரம் நான்தான், செத்த நேரம் வாய மூடிக்கிட்டு காரியத்தப் பாருங்கன்னு சொல்ல வேண்டியிருக்கு.”